சீவனம்

லுப்லியானா விமான நிலையத்தில்
என் கத்தியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறான் காவலன்.
"தொழில்?"
ஓபோ வாசிக்கிறேன்.
"அதற்குக் கத்தி எதற்கு?"

அவனிடம் எப்படிச் சொல்ல,
பத்தொன்பது நாட்டு மேடைகளில்
நான் வாசித்த நேரத்தையெல்லாம் கூட்டினாலும்
ஒரு மாதம் தேறாது,
சீவாளி சீவிய நேரம் மட்டும் மூன்று வருடம் என்று.
ஓட்டல் மேசைகளில்,
குளியலறை விளக்கடியில்,
தொலைக்காட்சியில் புரியாத பாஷையில் வானிலை ஓட,
ஒரு நாணல் தட்டையை
மயிரிழை மயிரிழையாய்.
சீவுவதுதான் சீவனம்.
வாசிப்பது நடுவில் வரும் விடுமுறை.

பெட்டி தொலைந்தால் கச்சேரியும் தொலையும் என்று
கைப்பையில் வைத்தது என் தப்பு.
கத்தி தொட்டிக்குள் விழுந்த சத்தம்
ஏறக்குறைய ஒரு பஞ்சமம்.

பொகோட்டா.
கடல் மட்டத்துக்கு மேலே இரண்டாயிரத்து அறுநூறு மீட்டர்.
சுவரொட்டியில் ப்ரெதா கொர்ஷிச் என்ற பெயரில்
ஓர் எழுத்தை விழுங்கியிருந்தார்கள்.
படியேறினால் எனக்கு மூச்சு வாங்கியது.
சீவாளிகளுக்கு அதுகூட வாங்கவில்லை.
கொண்டுபோன பதினான்கும்
கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி
வாயை இறுக்கிக்கொண்டன.
ஒத்திகையின் இரண்டாம் பக்கத்திலேயே
கண்டக்டர் கோலைத் தாழ்த்தி
மரியாதையாகத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இடைவேளையில் ஒருத்தி வந்தாள்.
யாமிலே ஒஸ்பினா.
அந்த ஆர்கெஸ்ட்ராவில் இருபத்தாறு வருடமாக ஓபோ.
கச்சேரிக்கு முன் ஒற்றைச் சுரத்தை நீட்டி
எண்பது பேருக்குச் சுருதி கொடுக்கிறவள்.
சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பா எடுத்தாள்.
உள்ளே, பஞ்சின் மேல், மூன்று.
சிவப்பு நூல் சுற்றியவை.
நீளச் சீவல். நான் படித்த இடத்தில்
இப்படிச் சீவினால் சிரிப்பார்கள்.
"எங்கள் காற்றுக்குப் பழகியது," என்றாள்.
"நடுவில் இருப்பதை எடுங்கள்.
வலப்பக்கத்தது பொய் சொல்லும்."

அன்றிரவு அது பேசியது.
என் விரல், என் மூச்சு, என் பச்சைப் பட்டு உடுப்பு.
மெதுவான பகுதியில் எழுந்த குரல் மட்டும்
நான் வளர்த்ததல்ல.
அரங்கம் எழுந்து நின்றது.
பத்திரிகை எழுதியது:
அவருக்கே உரிய, வேறெவரிடமும் கேட்கக் கிடைக்காத நாதம்.
காலைக் காப்பியோடு
அதையும் விழுங்கினேன்.

பத்து மணிக்கு மாஸ்டர் கிளாஸ்.
கட்டணம் கட்டியவர் பட்டியலில் ஏழு பெயர்.
ஐந்தாவது, யாமிலே ஒஸ்பினா.
என்னைவிட எட்டு வயது மூத்தவள்
எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு,
குறிப்பேட்டைத் திறந்து,
பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு
காத்திருந்தாள்.

நேற்றைய உண்மையைச் சொல்லத்தான் வாய் திறந்தேன்.
திறந்த வாயிலிருந்து வந்தது,
"தோள்களைத் தளர்த்துங்கள்."
எல்லா ஊரிலும் நான் முதலில் சொல்வது.
எழுதிக்கொண்டாள்.
கீழே ஒரு கோடும் போட்டாள்.

பிறகு வாசித்தாள்.
நேற்று என் பெயரில் ஊர் சுற்றிய நாதம்
சாவி எங்கே இருக்கும் என்று தெரிந்து
வீட்டுக்குள் நுழைந்தது.
திருத்த ஒன்றுமில்லை.
இன்னும் இருபத்திரண்டு நிமிடம் இருந்தது.
அதற்கும் சேர்த்துத்தான் பணம் கட்டியிருக்கிறாள்,
திருப்பித் தரப்பட மாட்டாது என்று
ரசீதிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

"கத்தி இருக்கிறதா?" என்றேன்.
மீதி ஆறு பேரும்
யாரைப் பார்த்து எழுதுவதென்று தெரியாமல்
பேனாவைத் தூக்கிப் பிடித்திருக்க,
என் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டேன்.

என் ஊமைச் சீவாளிகளில் ஒன்றை
நகத்தால் தட்டிப் பார்த்தாள்.
இங்கே, என்று தொட்டுக் காட்டினாள்.
கத்தியை என்னிடமே கொடுத்தாள்.
நான் தட்டையில் கை வைக்கும் முன்
குறிப்பேட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"முதலில் தோள்களைத் தளர்த்துங்கள்."